என் பெயரில் மகள் பார்த்த வேலை

வேலையற்ற பட்டதாரிகளுக்கு நியமனம் தரப்போகிறார்கள் என்று வந்த விண்ணப்பப் படிவத்தில் பதினெட்டு வினாக்கள் இருந்தன. பதின்மூன்றுக்கு என் மகள் பத்து நிமிடத்தில் விடை எழுதிவிட்டாள். பெயர், பிறந்த திகதி, பட்டம், வகுப்பு, பட்டம் பெற்ற ஆண்டு. வணிகமாணிப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேல்நிலை. எழுதும்போது அவளுக்கும் பெருமை, பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் பெருமை. பதினான்காவது வினாவுக்கு வந்ததும் பேனையை மூடி வைத்தாள். ஊழியர் சேமலாப நிதியில் எப்போதாவது அங்கத்தவராக இருந்ததுண்டா என்று அது கேட்டது.

தனியார் வேலைக்குப் போகிறவருக்காக முதலாளி மாதாமாதம் ஈ.பி.எஃப் என்று சொல்லும் அந்த நிதிக்குப் பணம் கட்டவேண்டும். அதில் ஒருவருடைய பெயர் ஏறிவிட்டால் அவர் வேலை உள்ளவர். வேலையற்ற பட்டதாரி என்று நியமனம் கேட்க அவருக்கு வழியில்லை. எங்கள் பக்கத்தில் பட்டம் முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த விதியை அறியாதவர் இல்லை. பிள்ளைகள் கடைகளிலும் கொம்பனிகளிலும் வருடக்கணக்காக வேலை செய்வார்கள். பெயர் மட்டும் எந்தப் பதிவிலும் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். பெற்றோராகிய நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம் என்று எழுதுவதே சரி.

அப்போது என் மகள் ஏறாவூரில் ஒரு ஹாட்வெயர் கடையில் கணக்கு வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சம்பளத்தைக் கையில் கொடுத்துவந்த முதலாளி அடையாள அட்டைப் பிரதி கேட்டிருந்தார், சேமலாப நிதியில் பதிவதற்கு. அவரை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்தவன். லிகிதராகச் சேர்ந்து பிரதம லிகிதராக ஓய்வுபெற்றேன். பிரச்சினைக் காலத்தில், போர் நடந்தபோது, அமிர்தகழியில் எங்கள் ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடுகள் இருந்தன. அரிசி ஆலையில் நின்றவர், மரம் அரிந்து விற்கும் மரக்காலை வைத்திருந்தவர், தையல் கடைக்காரர், வாவியில் வலை போடுகிறவர்கள் என்று பலதும். பாதையைப் பூட்டினால் அவர்களுக்குத் தொழில் இல்லை. ஒரு மாதம் நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டு நேரமும் அடுப்பெரிந்த வீடுகள் ஒன்பது. அதில் ஏழு அரசாங்கச் சம்பளக்காரருடையவை. எனக்கு ஒருமுறை பதினேழு நாட்கள் கந்தோருக்குப் போகவே முடியவில்லை. அந்த மாதமும் சம்பளம் வந்தது. அரிசி ஆலை எரிந்தது, மரக்காலை எரிந்தது, கச்சேரிச் சம்பளம் எரியவில்லை. இதைப் பார்த்த மனிதன் தன் பிள்ளைக்கு வேறென்ன புத்தி சொல்வான்?

கலியாணப் பேச்சும் இருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். வீட்டை நான் கட்டி முடித்திருந்தேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பது, "புள்ள எங்க வேல?" என்பதுதான். ஏறாவூரில் ஒரு கடையில் என்றால் தேத்தண்ணி ஆறுமுன்னே எழும்பிவிடுவார்கள். நியமனத்துக்குக் காத்திருக்கிறா என்றால் இன்னொரு கோப்பை குடிப்பார்கள்.

ஆகவே ஒரு சனிக்கிழமை நானே இரண்டு பஸ் மாறி ஏறாவூருக்குப் போனேன். ஹாஜியார் சிமெந்து மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசையில் இருந்தார். மகள் உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கொம்பியூட்டரின் முன் இருந்தாள். நான் வந்த விசயத்தைச் சொன்னதும் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இது என்ன புதினம் சேர்! முதலாளி ஈ.பி.எஃப் கட்டுறானில்ல எண்டுதான் ஆக்கள் லேபர் கந்தோருக்குப் போறாங்க. நீங்க கட்டவேணா எண்டு வந்திரிக்கீங்க."

"புள்ளட எதிர்காலம் ஹாஜியார்."

"அதத்தானே நானும் சொல்றன். என்ட பங்க நான் கட்டுவன். புள்ளக்கு நட்டமில்லயே."

"ஒரு மாசம் கட்டினாலும் பேர் ஏறிரும். மறுகா அழிக்கேலா."

"பேர் ஏறுறத்துக்குத்தானே சேர் மனிசர் வேலைக்கு வாற!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "சரி, கட்டாம உடுவம். ஆனா ஆருக்குச் சம்பளம் குடுக்கிற எண்டு புத்தகத்தில எழுத வேணுமே. வரிக்காரன் வந்து கணக்கு எழுதுற ஆள் எங்க எண்டு கேட்டா நான் ஆரக் காட்டுற?"

"என்னக் காட்டுங்க" என்றேன்.

சொல்லும்போதே அது எவ்வளவு நேர்த்தியான வழி என்று எனக்குத் தோன்றியது. நான் பென்சன்காரன். எனக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று எழுதத் தேவையில்லை, கணக்கு வேலைக்கான கட்டணம் என்று எழுதலாம். கட்டணத்துக்குச் சேமலாப நிதி இல்லை. மாதம் ஒரு வவுச்சர், அதில் என் கையெழுத்து. காசு மகளுக்கு. மகளின் பெயர் எங்கும் வராது. முப்பத்துநான்கு வருடம் சுற்றறிக்கைகளைப் படித்த மூளை இதற்காவது உதவட்டும் என்று நினைத்தேன்.

ஹாஜியார் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "எனக்கு மனம் சரி வரல்ல சேர். நீங்க படிச்ச ஆள், சொல்றீங்க. ஒங்கட புள்ள" என்றார்.

கண்ணாடித் தடுப்பு மேலே திறந்துதான் இருந்தது. மகளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தாள்.

"நான் செய்யிற வேலைக்கு நீங்களா அப்பா கையெழுத்து?"

"ரெண்டு வருசத்துக்குத்தான் மகள். நியமனம் வந்தா எல்லாம் சரி."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினான்காவது வினாவுக்கு 'இல்லை' என்று எழுதி விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

இரண்டு வருடம் என்றது ஆறு வருடமும் நான்கு மாதமும் ஆயிற்று. எழுபத்தாறு வவுச்சர்கள். மாத முடிவில் அவள் வவுச்சரை வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடுவேன். என் மனைவி குசினியிலிருந்து சொல்லுவாள்: "கணக்காளர் ஐயா, உங்களுக்குச் சம்பளம் வந்திரிக்காம். வேல கூடிப்போச்சு, களைச்சுப் போயிரிப்பீங்க. தேத்தண்ணி ஊத்தட்டா?" முதல் இரண்டு வருடம் மகளும் சிரித்தாள்.

அவள் அங்கே என்ன வேலை செய்தாள் என்பதை நான் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் அறிந்தேன். அவள் போவதற்கு முன் ஹாஜியார் எல்லாவற்றையும் நீளக் கொப்பிகளில் எழுதிவந்தார். பதினொரு கொப்பிகள். அவற்றை அவள் நான்கு மாதத்தில் கொம்பியூட்டருக்கு மாற்றினாள். ஒரு கொம்பனி ஒரே லொறிச் சாமானுக்கு இரண்டு தடவை பில் போட்டிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். டொலர் ஏறி ஒரு கிழமையில் மூன்று தரம் விலை மாறிய காலத்தில், எந்தத் தகரத்தை என்ன விலைக்கு விற்றால் அடுத்த லொட் எடுக்க முடியும் என்று இரவும் பகலும் கணக்குப் பார்த்தாள். அந்த வருடம் அந்தத் தெருவில் ஐந்து கடைகள் பூட்டப்பட்டன. இந்தக் கடை பூட்டப்படவில்லை. ஹாஜியார் சம்பளத்தைத் தானாகவே கூட்டுவார். கூட்டிவிட்டு எனக்குப் போன் எடுப்பார். "சேர், ஒங்கட வேல திறம். சம்பளத்தக் கூட்டியிரிக்கன்." நானும் போனில் சிரிப்பேன். கடைசியில் அது அறுபத்திரண்டாயிரம் ரூபாவில் நின்றது.

நியமனப் பட்டியல்கள் இரண்டு வந்தன. முதலாவது, அவளுக்கு முன்னைய வருடத்தில் பட்டம் பெற்றவர்களோடு நின்றுவிட்டது. இரண்டாவதில் அவளுடைய வருடம் இருந்தது, பாடம் இல்லை. ஒழுங்கையில் வேறு மூன்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருத்தி பிரதேச செயலகத்தில் இருக்கக் கதிரை இல்லாமல் பாதி நாள் நின்றுகொண்டிருப்பதாக மகள் சொன்னாள். "நிண்டாலும் மாசம் முடிஞ்சாச் சம்பளம்" என்றேன். நான்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான்கு வீட்டாரும் நியமனம் வந்தபின் பேசுவோம் என்றார்கள்.

பிறகு அரசாங்கம் கொள்கையை மாற்றியது. பட்டியல் இல்லை, போட்டிப் பரீட்சைதான் என்று அறிவித்தல் வந்தது. புதிய படிவத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். சேமலாப நிதி பற்றிய வினாவையே எடுத்துவிட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், வயது மட்டும் எல்லைக்குள் இருக்கவேண்டும். என் மகள் அந்த எல்லையை ஏழு மாதமும் பதினொரு நாளும் கடந்திருந்தாள்.

அவள் படிவத்தை மடித்து என்னிடம் தந்தாள். "இனிக் காணும் அப்பா. நான் என்ட வழியப் பாக்கிறன்" என்றாள்.

அவள் வழி என்றது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல். கணக்கு உத்தியோகத்தர் தேவை. பட்டமும் மூன்று வருட அனுபவமும் வேண்டும். சம்பளம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம், அதோடு சுற்றுலாப் பருவத்தில் சேவைக் கட்டணத்தில் பங்கு. நேர்முகப் பரீட்சைக்கு இருபத்தாறு பேர் வந்தார்களாம். கொம்பியூட்டரில் ஒரு வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கக் கொடுத்து நாற்பது நிமிடம் தந்திருக்கிறார்கள். அவள் இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்திருக்கிறாள். வந்து தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் வருடக்கணக்காகப் பார்த்ததில்லை.

"எடுத்த மாதிரித்தான் அம்மா. சேர்விஸ் லெட்டரும் ஈ.பி.எஃப் கூற்றும் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க."

சொல்லி முடித்ததும் அவளே நின்றுவிட்டாள். குசினியில் மனைவி ஏதோ கேட்டாள். மகள் வாசலில் நின்ற என்னை மட்டும் பார்த்தாள்.

அடுத்த நாள் இருவரும் ஏறாவூருக்குப் போனோம். அந்த வருடம் ஹாஜியாருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை சரியாக இயங்கவில்லை. கடையை மகன் பார்த்தார். முப்பது வயதுப் பிள்ளை, மரியாதையானவர், கணக்குப் படித்தவர். தந்தையார் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். மகன் அலுமாரியைத் திறந்து பைல்களை மேசையில் அடுக்கினார்.

"சேர், பாருங்க. எழுபத்தாறு வவுச்சர். எல்லாத்திலயும் ஒங்கட பேர், ஒங்கட கையெழுத்து. வரிக்காரருக்கு நாங்க காட்டினதும் இதுதான். தங்கச்சி இஞ்ச வேல செஞ்ச எண்டு நான் எழுதினா, ஆறு வருசமா ஏன் ஈ.பி.எஃப் கட்டல்ல எண்டு லேபர் கந்தோர் கேக்கும். கட்டணம் எண்டு எழுதினது பொய்யா எண்டு வரிக்காரன் கேப்பான். நான் எழுதித் தரேலும் எண்டா ஒங்களுக்குத்தான் எழுதித் தரேலும்."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. சொன்னபடியே அடித்தும் தந்தார், எதற்காவது உதவும் என்று. ஆறு வருடமும் நான்கு மாதமும் இந்த நிறுவனத்தின் கணக்கு வேலைகளைத் திறமையாகவும் நேர்மையாகவும் செய்தவர் என்று என் முழுப்பெயரைப் போட்டு, முத்திரை குத்தி. நான் அந்தக் கடையில் ஒரு நாளும் ஒரு எழுத்து எழுதியதில்லை. அந்தக் கொம்பியூட்டரின் முன் ஒரு தரம் இருந்தது கூட இல்லை.

"நான் சமாதான நீதவானிட்டப் போய் சத்தியக் கடதாசி முடிச்சுத் தாறன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வேல செய்தது என்ட மகள், நான் பொய்க்குக் கையெழுத்து வச்சன் எண்டு எழுதுறன். வாறது எனக்கு வரட்டும்."

ஹாஜியார் நாற்காலியில் அசைந்தார். அவருடைய வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "எழுதுங்க சேர். நானும் ஒப்பம் வைக்கிறன். அபராதம் எண்டாக் கட்டுவம்" என்று மெல்ல மெல்லச் சொன்னார். மகன் தந்தையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் என் மகள் பேசினாள். அவள் நாற்காலியில் இருக்கவில்லை. பைல்களின் பக்கத்தில், தான் ஒட்டிய லேபல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் ஹாஜியார். அப்பா, நீங்க வச்சது கையெழுத்து மட்டும்தான். அந்த வவுச்சர அடிச்சது நான். புத்தகத்தில பதிஞ்சதும் நான். வருச முடிவில கணக்குச் சரி எண்டு எடுத்துக் குடுத்ததும் நான். ஆறு வருசம் பொய்க் கணக்கு எழுதினவள் எண்டு ஒரு கடதாசிய நீட்டினா, ஹோட்டலில என்ன கணக்குப் பாக்க விடுவாங்களா?"

வெளியே லொறியிலிருந்து சிமெந்து இறக்குகிறவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பொய்யைச் சொன்னாலும் அவளுக்கு அனுபவம் இல்லை, உண்மையைச் சொன்னாலும் அவளுக்கு வேலை இல்லை. இதை நான் ஆறு வருடத்துக்கு முன் இதே இடத்தில் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

ஹோட்டலுக்கு அவளே போன் எடுத்தாள். சேவைக் கடிதம் இல்லை என்றாள். ஏன் என்று கேட்டிருக்கிறார்கள், சொல்ல முடியாது என்றிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து அவர்கள் திரும்ப எடுத்தார்கள். பரீட்சையில் திறமாகச் செய்தபடியால் கணக்குப் பிரிவில் பயிலுனராக எடுக்கலாம், அனுபவம் இல்லாதவருக்குரிய சம்பளம். உறவினர் அல்லாத இருவர் நற்சான்று தரவேண்டும். அவள் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாள்.

"கடையில நிண்டா இதவிடக் கூட வருமே மகள்" என்றேன்.

"வரும்."

"அப்ப ஏன்?"

"ஹோட்டலில என்ட பேர் இரிக்கும்" என்றாள்.

படிவத்தை அவள் மேசையில் வைத்து நிரப்பினாள். இந்தமுறை என்னைப் பக்கத்தில் கூப்பிடவில்லை. நான் தூரத்தில் இருந்து பார்த்தேன். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் பேனையை நிறுத்தாமல் 'இல்லை' என்று எழுதினாள்.

நற்சான்றுக்குக் கல்லூரி ஆசிரியை ஒருவர் கிடைத்தார். இரண்டாவது ஆளாக ஹாஜியாரிடம் போனோம். நான் வரவா என்று கேட்டேன். "வாங்க" என்றாள், அவ்வளவுதான். ஹாஜியார் வீட்டு விறாந்தையில் இருந்தார். படிவத்தை மடியில் பலகை வைத்துப் பிடித்துக்கொண்டார். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். தன் பெயரை எழுத எவ்வளவு நேரம் எடுத்தார் என்று நான் எண்ணவில்லை.

கடைசியில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பதாரரை எவ்வாறு அறிவீர்?

ஹாஜியார் அதை வாசித்துவிட்டுப் பேனையைத் தூக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"புள்ள, இதுக்கு என்னத்த எழுதுற?"

அவள் குனிந்து, எழுதவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். "குடும்ப நண்பர் எண்டு எழுதுங்க ஹாஜியார்."

அவர் எழுதினார். எழுத்துக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எழுதி முடித்துப் பேனையை மூட முடியாமல் தடுமாறினார். மகள் வாங்கி மூடினாள். அவருடைய மனைவி பிளேன்டி கொண்டுவந்தார். நாங்கள் குடித்துவிட்டு வந்தோம்.

இப்போது ஹோட்டல் வான் காலையில் ஐந்து நாற்பதுக்குச் சந்திக்கு வருகிறது. அவளுக்கு மேலே இருக்கும் உத்தியோகத்தருக்கு இருபத்தெட்டு வயது. செங்கலடியில் ஒரு சிறு கடையில் மூன்று வருடம் பதிவோடு வேலை செய்தவராம். நல்ல பிள்ளை என்று சொல்லுகிறாள். தெரியாததை அவளிடம்தான் கேட்கிறாராம். அவளுடைய சேமலாப நிதி இலக்கம் வந்துவிட்டது. சம்பளத்தைத் தாயிடம் கொடுக்கிறாள். கடையில் வாங்கியதைவிடக் குறைவு என்று மனைவி சொன்னாள். எவ்வளவு என்று கேட்டேன். "நீங்க அத எண்ண வேணாமாம், மகள் சொன்னவ" என்றாள்.